மோடம் சொல்லும் கணக்கு: உரை எழுதப்படாத எண்களைப் படித்தறிதல்

தொலைபேசிக் கம்பியின் வழியே கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட காலத்தில், அந்தப் பேச்சுக்கு நடுவில் நின்று, ஒரு புறத்து எண்களை ஒலியாகவும் மறு புறத்து ஒலியை எண்களாகவும் மாற்றித் தந்த மோடம் என்னும் சிறு பெட்டி, தன் உடையவரிடம் பேசிய சொற்கள் தொடக்கத்தில் மிகச் சிலவே. டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உருவாக்கி 1981-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்மார்ட்மோடம், 'ஏ.டி.' என்ற இரண்டு எழுத்துகளை முன்னிட்டு வரும் கட்டளைகளைக் கேட்டு நடந்தது. விடையாக அது சொல்லக்கூடியவை ஆணையை ஏற்றதற்கு 0, இணைப்புக் கிடைத்ததற்கு 1, மணி அடிப்பதற்கு 2, எதிர்ப்புறத்து ஊர்தி அலை இல்லை என்பதற்கு 3, பிழை என்பதற்கு 4 என்ற ஐந்து சங்கேதங்களே. இவற்றின் பொருள் பெட்டியோடு வந்த கைப்புத்தகத்தில் அச்சாகியிருந்தது. வாங்கியவர் எவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து நிலைமை வேறாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் வந்த மோடங்கள், அழைப்பு முடிந்தபின் தக்க கட்டளையைத் தட்டினால், அந்த அழைப்பில் தமக்கு நேர்ந்ததையெல்லாம் திரை நிறையக் கணக்காக ஒப்பித்தன. ராக்வெல் நிறுவனத்தின் சில்லுகளைக் கொண்டவை 'ஏ.டி.&வி1' என்ற கட்டளைக்கும், யு.எஸ். ரோபாட்டிக்ஸ் மோடங்கள் 'ஏ.டி.ஐ6', 'ஏ.டி.ஐ11' ஆகியவற்றுக்கும், லூசென்ட் சில்லுகளைக் கொண்டவை 'ஏ.டி.ஐ11' என்பதற்கும் இவ்விதம் விடை தந்தன. ஆனால் அந்த விடையில் வரும் 'ஈ.க்யூ.எம். சம்', 'ஆர்.பி.எஸ். பேட்டர்ன்', 'டிஜிட்டல் லாஸ்' முதலிய தலைப்புகள் எதைக் குறிக்கின்றன, அவற்றின் எதிரே நிற்கும் எண் எந்த அலகில் சொல்லப்பட்டது, அது கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்ற விவரம் பெரும்பாலான கைப்புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லை. சில்லைச் செய்தவர் ஒருவர், பெட்டியைச் செய்தவர் மற்றொருவர், புத்தகத்தை எழுதியவர் மூன்றாமவர் என்ற நிலையில், பொறியாளர்கள் தங்கள் சோதனைக்காக நிரலில் வைத்த குறிப்புகள் உரையின்றியே வீடுகளுக்கு வந்து சேர்ந்தன என்று கொள்வதே பொருத்தம்.

உரையில்லாத நூலை எப்படிப் படிப்பது? காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளை நம் தருக்க நூலார் வகுத்தார்கள். மோடத்தின் கணக்கில் எண் கண்ணுக்குத் தெரிகிறது. ஆதலால் காட்சி உண்டு. செய்தவர் பொருள் சொல்லவில்லை. ஆதலால் அவர் பக்கத்து உரை இல்லை. எஞ்சியது கருதல், அதாவது அனுமானம். ஆனால் அனுமானத்துக்கும் ஒரு பிடிப்பு வேண்டும். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள நீங்காத் தொடர்பை முன்னரே அறிந்தவனுக்குத்தான் மலைமேல் புகை நெருப்பைச் சொல்லும். இங்கே அந்தப் பிடிப்பைத் தருவது, உலகத் தந்தித் தொலைபேசி நிர்வாகங்களின் பொது அமைப்பாகிய ஐ.டி.யு., 'வி' என்ற எழுத்தின்கீழ் வெளியிட்ட மோட விதிகளேயாகும். நிறுவனம் தன் எண்களின் பொருளை மறைத்தாலும், மற்ற நிறுவனங்களின் மோடங்களோடு பேச வேண்டியிருந்ததால், கம்பியில் அந்த மோடம் நடந்துகொள்ளும் முறையை அதனால் மறைக்க முடியவில்லை. பொது விதி அனுமதிக்கும் எண்கள் எவை, அனுமதிக்காதவை எவை என்று அறிந்தவருக்கு, பெயரற்ற எண்ணும் தன் குலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்பும் கருத்து.

முதலில் ஒரு பொதுத் தவற்றை நீக்கிக்கொள்ளல் அவசியம். இணைப்புக் கிடைத்ததும் 'கனெக்ட் 115200' என்று திரையில் வரக் கண்டு, தொலைபேசிக் கம்பியில் விநாடிக்கு 115200 பிட்டுகள் ஓடுவதாக மகிழ்ந்தவர் பலர். தொலைபேசி அழைப்பின் வழியே பேசிய எந்த மோடமும் கம்பியில் அந்த வேகத்தை எட்டியதில்லை. அந்த எண், மோடத்துக்கும் கணிப்பொறிக்கும் இடையே மேசையின்மேல் கிடக்கும் கேபிளின் வேகம். சுருக்கிய தகவல் மோடத்தில் விரியும்போது தேங்காதிருக்க அந்தக் கேபிள் விரைவாக இருக்க வேண்டும் என்பதால் அது பெரிதாக வைக்கப்பட்டது. கம்பியின் வேகம் வேறு எண். அதைச் சொல்லும்படி தனிக் கட்டளையால் மோடத்தைப் பணிக்க வேண்டும். ஓர் எண் எந்த இடைவெளியை அளக்கிறது என்று கேளாமல் அதன் பெருமையைப் பேசுவது பயனற்றது.

கம்பியின் எண்களுக்கு வருவோம். 1994-இல் வெளியான வி.34 விதி விநாடிக்கு 28800 பிட்டுகளையும், 1996-இல் அதன் விரிவு 33600 பிட்டுகளையும் எல்லையாக வகுத்தன. இவ்விதியின்கீழ் மோடம் விநாடிக்கு எத்தனை குறிகளை அனுப்பலாம் என்பதற்கு 2400, 2743, 2800, 3000, 3200, 3429 என்ற ஆறு அளவுகளே உண்டு. ஆகவே பொருள் தெரியாத ஒரு பட்டியலில் 3200 என்றோ 3429 என்றோ ஓர் எண் நின்றால், அதன் தலைப்பு சிதைந்திருந்தாலும் அது குறி வேகம் என்று துணியலாம். அதன் அருகே 1829 என்றோ 1920 என்றோ காணப்பட்டால், 3200 குறி வேகத்துக்கென விதி ஒதுக்கிய இரண்டு ஊர்தி அலைகளில் ஒன்று அது. 1959 என்றால் 3429-க்குரிய ஒரே ஊர்தி அலை. எண்கள் இவ்வாறு இணைபிரியாமல் வருவது, ஒன்றின் பொருளை மற்றொன்று உறுதி செய்யப் பெரிதும் உதவுகிறது.

இவ்வெண்களைப் பெயரளவில் அறிவதோடு நின்றால் பயன் சிறிது. தொலைபேசித் தடம் 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கடத்துவதற்காக அமைந்தது. 1800 ஹெர்ட்ஸ் ஊர்தி அலைமேல் 3000 குறி வேகம் ஏறினால், அது 300 முதல் 3300 வரையுள்ள பாதையில் அடங்கிவிடும். 1829-இன்மேல் 3200 ஏறினால் 229 முதல் 3429 வரை வேண்டும். 1959-இன்மேல் 3429 ஏறினாலோ ஏறத்தாழ 245 முதல் 3673 வரை வேண்டும். அதாவது தொலைபேசி நிர்வாகம் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட எல்லையைத் தாண்டிய இடத்தையும் அது பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே 3429 கிடைத்த தடம் அகலமான தடம். 3000-க்கு இறங்கிய தடம் உச்ச அதிர்வெண்களை எங்கோ இழந்த தடம். ஒவ்வொரு குறி வேகத்துக்கும் விதி ஓர் உச்சத்தையும் வகுத்திருக்கிறது: 3429-க்கு 33600, 3200-க்கு 31200, 3000-க்கு 28800, 2800-க்கு 26400, 2400-க்கு 21600.

இங்கேதான் இரண்டு எண்களைச் சேர்த்துப் படிப்பதன் பயன் விளங்குகிறது. இருவர் தத்தம் வீட்டிலிருந்து அழைத்து, இருவரும் 26400 என்ற ஒரே வேகத்தைப் பெற்றார்கள் எனக் கொள்வோம். ஒருவருடைய கணக்கில் குறி வேகம் 2800, மற்றவருடையதில் 3429. முதலாமவர், தம் குறி வேகம் அனுமதிக்கும் உச்சத்தில் இருக்கிறார். அவருடைய தடத்தில் இரைச்சல் குறை ஒன்றும் தென்படவில்லை, அகலம்தான் போதவில்லை. இரண்டாமவருக்கு அகலம் நிறைய உண்டு. ஆனால் 33600 வரை ஏற இடமிருந்தும் மூன்று படிகள் கீழே நிற்கிறார். ஆகவே அவரைத் தடுப்பது இரைச்சல். முதலாமவர் வீட்டு இணைப்பியைச் சுத்தம் செய்வதால் பயன் விளையாது. இரண்டாமவருக்கு ஒருவேளை விளையலாம். திரையில் தோன்றிய வேகம் ஒன்றே, நோய்கள் இரண்டு. வேகத்தை மட்டும் பார்த்து மருந்து சொன்னவர்கள் எத்தனை பேரை வீணாக அலைய வைத்திருப்பார்கள் என்று எண்ணும்போது, இச்சிறு எண்களைப் புறக்கணித்தது பெருங்குறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அகலம் எங்கே போயிற்று என்பதையும் ஓரளவு காணலாம். வி.34 மோடங்கள் பேச்சைத் தொடங்குமுன் தடத்தைச் சோதிக்க, 150 ஹெர்ட்ஸிலிருந்து 3750 ஹெர்ட்ஸ் வரை, நூற்றைம்பது நூற்றைம்பதாக உயரும் சுரங்களை ஒருங்கே அனுப்புகின்றன. அந்த இருபத்தைந்து இடங்களில் 900, 1200, 1800, 2400 ஆகிய நான்கை விதி விலக்கிவிட்டதால், ஒலிப்பவை இருபத்தொரு சுரங்கள். யு.எஸ். ரோபாட்டிக்ஸ் மோடங்களில் 'ஏ.டி.ஒய்11' என்று தட்டினால் அதிர்வெண் ஒரு பத்தியாகவும் டெசிபெல் அளவு மற்றொரு பத்தியாகவும் வந்தது. அதிர்வெண் பத்தி நூற்றைம்பதின் மடங்குகளாக ஏறி 3750-இல் முடிவதைக் கண்ட மாத்திரத்தில், இது அந்தச் சோதனைச் சுரங்களின் கணக்கு என்று விதியைப் படித்தவர் சொல்லிவிடுவார். எதிர்ப் பத்தியில் எண் பெரிதானால் சுரம் அவ்வளவு தேய்ந்து வந்தது என்று பொருள். இரண்டு ஓரங்களிலும் எண் பெரிதாகவும் நடுவில் சிறிதாகவும் இருப்பதே அதற்குச் சான்று, ஏனெனில் தொலைபேசித் தடம் நடு அதிர்வெண்களையே நன்றாகக் கடத்தும்.

இப்பட்டியலின் கடைசி நான்கைந்து வரிகளில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள், நிலையத்திலிருந்து 18000 அடிக்கு மேற்பட்ட கம்பிகளில், பேச்சு தெளிவாக வரும்பொருட்டு, 6000 அடிக்கு ஒன்றாக 88 மில்லிஹென்றி கொண்ட லோடிங் காயில்களைப் பொருத்தின. அவை பேச்சின் அதிர்வெண்களைச் சமமாக்கிக் காத்தன. ஆனால் அவற்றுக்கு மேற்பட்டதைச் செங்குத்தாக வெட்டிவிட்டன. ஆகவே 3000 வரை அளவு ஏறத்தாழச் சமமாக வந்து, அதற்கப்பால் இரண்டொரு வரிகளில் சடுதியில் வீழ்ந்தால், காயில் உண்டு என்றோ, ஒலி ஒன்றுக்கு மேற்பட்ட முறை எண்ணாக மாற்றப்பட்டு ஒவ்வொரு முறையும் ஒரு வடிகட்டியைக் கடந்தது என்றோ ஐயுறலாம். காயிலற்ற நெடுங்கம்பியிலோ அளவு சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டே போகும். தேய்ந்த தொகை ஒன்றாகவே இருந்தாலும், தேய்ந்த விதம் காரணத்தைப் பிரித்துக் காட்டுகிறது.

அடுத்து, 56000 என்ற பெரிய எண்ணின் காலம். தொலைபேசி நிலையத்துக்குள் ஒலி, விநாடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் எட்டு பிட்டுகளாக எழுதப்படுகிறது. இந்த எழுத்தில் நேரும் சிறு பிழையே பழைய மோடங்களுக்கு இரைச்சலாக நின்றது. 3000 ஹெர்ட்ஸ் அகலமும் 35 டெசிபெல் தெளிவும் உள்ள தடத்தில், கிளாட் ஷானன் 1948-இல் வகுத்த சூத்திரத்தின்படி விநாடிக்கு ஏறத்தாழ 35000 பிட்டுகளுக்கு மேல் செல்லா. 33600 அந்த வரம்பின் வாசலில் நின்ற எண். எதிர்ப்புறத்து நிறுவனம் நிலையத்தோடு நேரடியாக எண் வடிவிலேயே இணைந்திருந்தால், அங்கிருந்து வீட்டுக்கு வரும் திசையில் அப்பிழை நேர்வதில்லை என்பதைக் கண்டு, யு.எஸ். ரோபாட்டிக்ஸ் 'எக்ஸ்2' என்றும், ராக்வெல்லும் லூசென்ட்டும் 'கே56ஃபிளெக்ஸ்' என்றும் இரு முறைகளைக் கொணர்ந்தன, 1998-இல் வி.90 இரண்டையும் மாற்றி ஒரே பொது விதியாயிற்று.

வி.90 ஆறு அளவுகளை ஒரு கட்டாக எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு 8000 அளவுகள் என்பதால், ஒரு கட்டில் ஒரு பிட்டு கூடினால் வேகம் 8000-ஐ ஆறால் வகுத்த தொகையாகிய 1333⅓ கூடும். கட்டுக்கு 21 பிட்டுகள் என்றால் 28000. 42 பிட்டுகள் என்றால் 56000. ஆகவே 49333, 50666, 52000, 53333 என்பன போன்ற, கண்ணுக்கு ஒழுங்கற்றவையாகத் தோன்றும் எண்கள் உண்மையில் 37, 38, 39, 40 என்ற நேர்வரிசையே. கே56ஃபிளெக்ஸோ 2000 பிட்டுகளாக ஏறியது. இந்த ஒரு விவரம் தெரிந்தால், மோடம் எந்த முறையில் பேசியது என்று தன் வாயால் சொல்லாவிட்டாலும் நாம் கண்டுகொள்ளலாம்: 50000 என்று வந்தால் அது 1333⅓-இன் மடங்கன்று, ஆகவே கே56ஃபிளெக்ஸ். 50666 என்றால் அது கே56ஃபிளெக்ஸாக இருக்க இயலாது. 52000 இரண்டிலும் வரும். அப்பொழுது வேறு சான்று தேட வேண்டும். அமெரிக்காவில் அனுப்பும் ஆற்றலுக்கு அரசு வரம்பு இட்டிருந்ததால் 53333-க்கு மேற்பட்ட வேகம் அங்கே வழங்கவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைத்தால், ஓர் எண்ணின் மேல் நமக்குள்ள நம்பிக்கை இன்னும் உறுதியாகும்.

யு.எஸ். ரோபாட்டிக்ஸ் கணக்கில் '50666/28800' என்பதுபோல் சாய்கோட்டால் பிரிந்த இரட்டை எண்கள் வரும். எது வரவு, எது செலவு? ஆற்றல் அளவைச் சொல்லும் வரியில் மட்டும் 'பெறுவது/அனுப்புவது' என்று வரிசை எழுதியிருக்கிறது. மற்ற வரிகளுக்கும் அதுவே முறை என்று ஊகிக்கலாம். அந்த ஊகம் சரியா என்பதற்கும் சான்று எண்ணிலேயே உண்டு: வி.90-இல் வீட்டிலிருந்து போகும் திசை 33600-ஐத் தாண்டாது. ஆகவே 50666 வரவாகத்தான் இருக்க முடியும். பழைய உரையாசிரியர்கள் ஒரு சொல்லின் பொருளை அந்நூலின் மற்றோர் இடத்தைக் காட்டி நிறுவுவார்களே, அந்த முறைதான் இது.

ராக்வெல் கணக்கிலுள்ள 'ஆர்.பி.எஸ். பேட்டர்ன்' என்ற வரி என்னை மிகவும் கவர்ந்தது. வட அமெரிக்காவில் நிலையங்களை இணைக்கும் டி1 தடம் இருபத்துநான்கு பேச்சுகளைச் சுமந்து விநாடிக்கு 15,44,000 பிட்டுகளாக ஓடுவது. மணி அடித்தது, கருவி எடுக்கப்பட்டது போன்ற செய்திகளை அனுப்பத் தனியிடம் இல்லாமையால், ஒவ்வோர் ஆறாவது அளவின் கடைசிப் பிட்டையும் அவர்கள் அதற்காக எடுத்துக்கொண்டார்கள். 'திருடிய பிட்டின் வழிச் செய்தி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ஆர்.பி.எஸ். பேசுகிறவர் காது இந்த இழப்பை அறியாது. மோடத்துக்கோ அது ஒரு பெரும் நஷ்டம். வி.90 ஆறு அளவுகளைக் கட்டாக வைத்ததற்குக் காரணமும் இந்த ஆறே. ஆகவே அந்த வரியில் வரும் எண்ணைப் பதினாறடிமான எண்ணாகக் கொண்டு இரும எண்ணாக விரித்தால் ஆறு இடங்கள் கிடைக்கும்: 00 என்றால் திருட்டில்லை, 20 என்றால் 100000, ஓரிடத்தில் திருட்டு, 21 என்றால் 100001, இரண்டிடங்களில். அழைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட டி1 தடங்களைக் கடந்து, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் கை வைத்தால் இடங்கள் பெருகும். ஓரிடம் போனால் கட்டுக்கு ஏறத்தாழ ஒரு பிட்டு, அதாவது வேகத்தில் ஒரு படி குறையும். இந்தப் பொருள் சரியாயின் அந்த வரியின் முதல் இலக்கம் ஒருபோதும் 3-ஐத் தாண்டலாகாது. தாண்டக் கண்டால் நம் விளக்கம் பிழை. தன்னைப் பொய்யென்று காட்டக்கூடிய சான்று எது என்பதையும் உடன் சொல்லும் விளக்கமே விளக்கமாகும்.

இதையே இந்தியாவில் வைத்துப் பார்த்தால் நிலைமை வேறு. 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது இருந்த நம் தொலைபேசி அமைப்பு, ஐரோப்பிய முறையைச் சார்ந்த முப்பத்திரண்டு இடங்கள் கொண்ட இ1 தடங்களால் ஆனது. அதில் செய்திக்கென ஓர் இடம் தனியே ஒதுக்கப்பட்டிருப்பதால் பிட்டுத் திருட வேண்டிய அவசியமே இல்லை. இங்கே அந்த வரி 00 என்று நிற்பதுதான் இயல்பு.

'டிஜிட்டல் லாஸ்' என்ற வரியில் 2000 என்ற எண் வருவதைக் கண்டு, இரண்டாயிரம் அளவு நஷ்டம் என்று அஞ்சியவர்கள் உண்டு. இது பதினாறடிமான எண் எனக் கொண்டால் அதன் மதிப்பு 8192, அதாவது இரண்டின் பதின்மூன்றாம் படி. அளந்து கிடைத்த எண் இவ்வளவு உருண்டையாக வருதல் அரிது. ஆகவே இது 'முழுமை' என்பதற்கு நிரலாசிரியர் வைத்துக்கொண்ட அலகு, நஷ்டமொன்றும் இல்லை என்பதே அதன் கருத்து என்று ஊகிப்பது தகும். வட அமெரிக்க நிலையங்களில் எதிரொலியை அடக்க எண் வடிவிலேயே 3 அல்லது 6 டெசிபெல் குறைப்பது வழக்கம். ஊகம் சரியாயின் 6 டெசிபெலுக்கு இந்த எண் பாதியாகவும், 3 டெசிபெலுக்கு ஏறத்தாழ 5800 ஆகவும் ஆக வேண்டும். வேறு வேறு எண்களை அழைத்துப் பார்த்து அந்த மதிப்புகள் வருகின்றனவா என்று காண்பதே பரீட்சை.

பெயரும் குறியும் ஏமாற்றும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். வரும் ஒலியின் ஆற்றலைச் சொல்லும் வரியில் 18 என்று இருந்தால், அது ஒரு மில்லிவாட்டுக்கு 18 டெசிபெல் கீழே என்று பொருள். கழித்தற்குறியைத் தலைப்பில் எழுதிவிட்டு எண்ணில் விட்டுவிடுவதும், சில கணக்குகளில் தலைப்பிலும் எழுதாமல் விடுவதும் வழக்கமாயிருந்தது. எனவே 30 என்பது 18-ஐவிட மெலிந்த ஒலி. ராக்வெல் சில்லுகளில் 'ஏ.டி.%க்யூ' என்ற கட்டளை தடத்தின் தரத்தைச் சொல்வதாகப் பெயர் பெற்றது. ஆனால் அது தரும் எண், வந்த குறி தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்ற பிழை மதிப்பின் மேற்பகுதி. ஆகவே எண் கூடக் கூடத் தரம் குறைவு. தலைப்பில் 'தரம்' என்று எழுதியதால் பெரிய எண்ணை நல்லதென்று கொண்டவர்கள் நேர் எதிரான முடிவுக்கு வந்தார்கள்.

இத்தகைய ஐயங்களை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ள எளிய வழிகள் உண்டு. இணைப்பு நடக்கும்போது அதே கம்பியிலுள்ள மற்றொரு தொலைபேசியை எடுத்துக் கீழே வைத்தால், வரும் ஒலியை இரண்டு கருவிகள் பகிர்ந்துகொள்வதால் மோடத்துக்குக் கிட்டும் மின்னழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகும். கணக்கிட்டால் அது ஏறத்தாழ 3½ டெசிபெல் குறைவு. அந்த நேரத்தில் எந்த வரியின் எண் மூன்றோ நான்கோ கூடுகிறதோ அந்த வரியே ஆற்றலின் வரி; கூடிய அளவு அதன் அலகு டெசிபெல் என்பதையும், குறைய வேண்டியது கூடியது அதன் கழித்தற்குறி மறைந்திருப்பதையும் ஒருசேர மெய்ப்பிக்கும். இது போன்றதே மற்றொன்று. ஒரு விநாடி மௌனம், மூன்று கூட்டற்குறிகள், மறுபடி ஒரு விநாடி மௌனம் என்று தட்டினால் மோடம் இணைப்பைக் கைவிடாமலே கட்டளைக்குக் காத்து நிற்கும், அப்பொழுது 'ஏ.டி.ஓ1' என்று பணித்தால், அது தடத்தை மறுபடி பழகிக்கொண்டு பேச்சுக்குத் திரும்பும். இதற்குமுன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் கணக்கை எடுத்து ஒப்பிட்டால், சரியாக ஒன்று கூடியிருக்கும் வரி எதுவோ அதுவே இப்புறத்து மறுபயிற்சிகளின் எண்ணிக்கை. பத்து முறை இவ்வாறு செய்து, ஒன்பதுக்கு அடுத்து எழுத்து வருகிறதா 10 வருகிறதா என்று பார்த்தால், அந்த வரி பதினாறடிமானத்திலா பதின்மானத்திலா எழுதப்படுகிறது என்ற கேள்வியும் தீர்ந்தது. பெரிய கருவியோ ஆய்வுக்கூடமோ இன்றி, ஒரு காரணத்தை மட்டும் நம் கையால் மாற்றி, காரியம் எங்கே மாறுகிறது என்று காத்திருந்து காணும் இம்முறையே, உரையில்லாத எண்ணுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறந்த உரை.

தூரத்தைச் சொல்லும் வரியும் உண்டு. ஒலி போய்த் திரும்ப எடுத்த மில்லிவிநாடிகளை மோடம் எதிரொலியை நீக்கும்பொருட்டுக் கணக்கிடுகிறது. உள்ளூர் அழைப்பில் அது சில மில்லிவிநாடிகளே. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகச் சென்றால், ஒளியின் வேகத்திலேயே அது 477-க்குக் குறைய வழியில்லை; ஆகவே ஐந்நூறை ஒட்டிய எண்ணைக் கண்டால் அழைப்பு வானேறி வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஊர்தி அலை தான் புறப்பட்ட அதிர்வெண்ணிலிருந்து நகர்ந்து வந்ததாக ஒரு வரி சொன்னால், இடையில் எங்கோ பழைய அனலாக் முறைத் தடம் ஒன்று இருக்கிறது; முழுதும் எண் வடிவில் ஓடும் பாதை அதிர்வெண்ணை நகர்த்துவதில்லை.

இவ்வளவு சொன்னபின்னும் எல்லையை மறக்கலாகாது. லூசென்ட் கணக்கில் வரும் இரைச்சல் மதிப்பீடு போன்ற, அலகு கூறாத எண்கள் ஒரே மோடத்தின் இரண்டு அழைப்புகளை ஒப்பிட உதவும். வேறொரு நிறுவனத்தின் எண்ணோடு அதை ஒப்பிடுவது படியையும் முழத்தையும் ஒப்பிடுவதாகும். ஒரே எண்ணுக்கு அடுத்தடுத்து அழைத்தாலும் ஒவ்வோர் அழைப்பும் வேறு தடத்தில் செல்லக்கூடுமாகையால், ஓர் அழைப்பின் கணக்கைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதும் முறையன்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் இந்தக் குழப்பத்தைக் கண்டு, 'ஏ.டி.#யு.டி.' என்ற ஒரே கட்டளைக்கு எல்லா மோடங்களும் பொதுவான எண் வரிசையில் விடை தர வேண்டும் என்று ஒரு விதியை எழுதி வெளியிட்டது. எந்த எண் எதைக் குறிக்கும் என்பதை யாரும் படிக்கலாம். அதன் விடை மனிதர் கண்ணுக்கு வெறும் எண் குவியலாகத் தோன்றினாலும், பொருள் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தமையால், அழகான தலைப்புகளோடு வந்த மற்ற கணக்குகளைவிட அதுவே நேர்மையான கணக்கு என்பது என் அபிப்பிராயம். மற்றவர்களும் தங்கள் சில்லுகளின் எண்களுக்கு இரண்டு பக்கம் உரை எழுதி வெளியிட்டிருக்கலாம். அதனால் எந்த வியாபார இரகசியமும் வெளிப்பட்டிராது. தடத்தின் குறையை மோடத்தின் குறையாக எண்ணி அதை மாற்றிக்கொண்டேயிருந்தவர்களின் பணமும் காலமும் மிஞ்சியிருக்கும்.

வி.34, வி.90 உள்ளிட்ட விதிகளை ஐ.டி.யு. இப்போது கட்டணமின்றித் தருகிறது; அனுமானத்துக்கு வேண்டிய பிடிப்பு எவர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. எட்டாமல் போய்க்கொண்டிருப்பது காட்சிதான். அழைப்பை ஏற்க மறுபுறத்தில் மோடம் இருக்கும் இடங்கள் மறைந்து வருகின்றன; அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனமும் 2025 செப்டம்பர் 30-ஆம் நாளோடு தன் டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. தங்கள் வீட்டுப் பரணிலோ அலுவலக அலமாரியிலோ பழைய மோடமோ, அந்நாளில் அது தந்த கணக்கை அச்சிட்ட தாளோ இருக்கும் அன்பர்கள், அதைக் கழிவாகக் கொடுத்துவிடுமுன், மோடத்தின் பெயரையும், சில்லின் எண்ணையும், அழைத்த நாளையும், கணக்கு முழுவதையும் ஒரு வரியும் விடாமல் எழுதி வைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். பொருள் விளங்காத வரியையும் விட்டுவிட வேண்டாம்.